லேப்டாப் மக்கர் செய்கிறதா? அறிகுறியிலிருந்து தொடங்குங்கள்

"லேப்டாப்புக்கு என்னமோ ஆயிடுச்சு" என்ற ஒரு வரியை வைத்துக்கொண்டு எவ்வளவு கைதேர்ந்த மெக்கானிக்காலும் ஒன்றும் செய்ய முடியாது. "சார்ஜர் போட்டால் லைட் எரிகிறது, ஃபேன் ஓடுகிறது, திரை மட்டும் கறுப்பாக இருக்கிறது, நேற்று மாலை வரை நன்றாக இருந்தது" என்று சொன்னால் பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும். அதனால்தான் இந்த வழிமுறையைக் கோளாறின் பெயரை வைத்து எழுதாமல், கண்ணுக்குத் தெரிவதையும் காதுக்குக் கேட்பதையும் வைத்து எழுதியிருக்கிறேன். வீட்டில் எந்த வாக்கியத்தைச் சொல்லிப் புலம்புகிறீர்களோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடலாம். கழுத்து வலியும் கண் எரிச்சலும் இதில் உண்டு. லேப்டாப்பை வைத்திருக்கும் விதத்தில் கோளாறு இருந்தால் அதை நம் உடம்புதான் முதலில் சொல்கிறது.

எதில் கை வைப்பதற்கும் முன்னால் ஒன்று. மெஷின் இன்னும் ஓடிக்கொண்டிருந்தால், முக்கியமான கோப்புகளை ஒரு பென் டிரைவிலோ வெளி ஹார்டு டிஸ்க்கிலோ நகலெடுத்து வையுங்கள். குடும்பப் போட்டோ, சர்டிபிகேட் ஸ்கேன், பிள்ளைகளின் புராஜெக்ட் ஆகிய மூன்றும்தான் பெரும்பாலும் தொலைந்துபோய் வீட்டையே அழ வைப்பவை. கீழே சொல்பவை விண்டோஸ் லேப்டாப்புக்கானவை. மின்சாரம், சூடு, உடம்பு பற்றியவை எந்த லேப்டாப்புக்கும் பொருந்தும்.

"ஆன் ஆகவே மாட்டேங்குது"

முதலில் பிளக் பாயின்ட்டைச் சந்தேகப்படுங்கள். அதே பாயின்ட்டில் போன் சார்ஜரைச் செருகிப் பாருங்கள். அடாப்டரிலிருந்து சுவருக்குப் போகும் கேபிள், அடாப்டர் பெட்டியில் நுழையும் இடத்தில் லேசாகக் கழன்றிருப்பது மிகச் சாதாரணம். அதை அழுத்திச் செருகுங்கள். அடாப்டரில் சின்ன லைட் இருந்தால், எரிகிறதா என்று பாருங்கள். சுவரில் போட்டபோது எரிந்து, லேப்டாப்பில் செருகியதும் அணைந்தால், லேப்டாப்புக்கு உள்ளே எங்கோ ஷார்ட் இருக்கலாம். அதற்குமேல் வீட்டில் முயற்சி செய்ய வேண்டாம்.

மின்சாரம் சரியாக வருகிறது, ஆனாலும் அசையவில்லை என்றால், சார்ஜரைக் கழற்றிவிட்டு பவர் பட்டனை அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். யுஎஸ்பியில் செருகியிருக்கும் மவுஸ், பென் டிரைவ் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். பேட்டரி கழற்றக்கூடிய பழைய மாடல் என்றால் அதையும் கழற்றிக்கொள்ளலாம். உள்ளே தேங்கியிருக்கும் மின்சாரம் வடிந்ததும் சார்ஜரைப் போட்டு, ஐந்து நிமிடம் விட்டு, ஆன் செய்யுங்கள். கடைக்குத் தூக்கிக்கொண்டு போகும் லேப்டாப்களில் கணிசமானவை இதிலேயே எழுந்துவிடும்.

"லைட் எரியுது, ஸ்கிரீன் மட்டும் வரலை"

அறையை இருட்டாக்கி, போன் டார்ச்சைத் திரையின் மேல் சாய்வாக அடித்துப் பாருங்கள். மங்கலாக எழுத்துகளோ படமோ தெரிந்தால் லேப்டாப் வேலை செய்கிறது, திரைக்குப் பின்னால் வெளிச்சம் தரும் பகுதிதான் போயிருக்கிறது. ஒன்றுமே தெரியவில்லை என்றால் விண்டோஸ், கன்ட்ரோல், ஷிஃப்ட் மூன்றையும் பிடித்துக்கொண்டு, ஏ-வுக்கு அடுத்த எழுத்தான பி-யைத் தட்டுங்கள். திரையை இயக்கும் மென்பொருள் புதிதாகத் தொடங்கும். அதற்கும் அசையாவிட்டால் எச்டிஎம்ஐ கேபிளில் வீட்டு டிவியோடு இணைத்துப் பாருங்கள். டிவியில் படம் வந்தால் உங்கள் கோப்புகள் பத்திரம் என்ற நிம்மதி கிடைக்கும். டிவியைப் பார்த்தபடியே பேக்கப் எடுத்துவிடலாம்.

"தொட்டா சுர்ருனு ஷாக் அடிக்குது"

இதைப் பலர் சாதாரணமாக எடுத்துக்கொள்கிறார்கள். அது எனக்குக் கவலை தருகிறது, ஆகவே கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன்.

உலோக உடம்பு கொண்ட லேப்டாப்பைச் சார்ஜில் போட்டபடி வெறுங்காலோடு சிமென்ட் தரையிலோ மொசைக்கிலோ நின்று தொட்டால், விரல் நுனியில் சிறு எறும்புக் கடி மாதிரி ஓர் அதிர்வு தெரியும். சார்ஜரைப் பிடுங்கினால் அது போய்விடும். அடாப்டருக்குள் மின் இரைச்சலை வடிகட்ட வைத்திருக்கும் பாகங்கள் வழியாக மிகச் சிறிய அளவு மின்சாரம் கசியும். அது எர்த் கம்பி வழியே தரைக்குப் போக வேண்டியது. வீட்டில் எர்த் இல்லாவிட்டால் போக வழியில்லாமல் லேப்டாப்பின் உடம்பில் நிற்கும். நீங்கள் தொட்டதும் உங்கள் வழியாக இறங்கும்.

நம் வீடுகளில் இதற்குக் காரணம் பெரும்பாலும் இரண்டுதான். ஒன்று, மூன்று முள் பிளக்கை இரண்டு துளை ஜங்ஷன் பாக்ஸில் போடுவதற்காகக் கன்வர்ட்டர் பிளக் ஒன்றை இடையில் மாட்டியிருப்பார்கள், அல்லது மேலே உள்ள பெரிய முள்ளையே உடைத்திருப்பார்கள். அந்தப் பெரிய முள்தான் எர்த். இரண்டாவது, சுவரில் மூன்று துளை இருக்கும், உள்ளே எர்த் கம்பியே இணைத்திருக்காது. பழைய வீடுகளில் இது நிறைய உண்டு. முதலாவதை நீங்களே சரிசெய்யலாம்: மூன்று முள்ளும் முழுதாக உள்ள கேபிள், மூன்று துளை உள்ள பாயின்ட். இரண்டாவதற்கு எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தைச் சோதிக்கச் சொல்லுங்கள். அதே எர்த்தை நம்பித்தான் உங்கள் வீட்டு ஃப்ரிட்ஜும் கிரைண்டரும் வாட்டர் ஹீட்டரும் ஓடுகின்றன, ஆகவே அந்தச் செலவு லேப்டாப்புக்கான செலவு மட்டும் இல்லை. லேசான அதிர்வைத் தாண்டிப் பளீரென்று அடித்தாலோ, வேறு நல்ல பாயின்ட்டிலும் அப்படியே இருந்தாலோ அந்தச் சார்ஜரை இனித் தொட வேண்டாம்.

இடி மின்னல் நேரத்தில் சார்ஜரைப் பிளக்கிலிருந்தே எடுத்துவிடுங்கள். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது.

"சார்ஜ் ஏறலை", "டச்பேட் தூக்கிக்கிட்டு நிக்குது"

60 அல்லது 80 சதவீதத்தில் அப்படியே நிற்கிறது என்றால் பெரும்பாலும் பழுதே இல்லை. பேட்டரி நீண்ட நாள் உழைக்கட்டும் என்று பல நிறுவனங்கள் தங்கள் மென்பொருளில் அப்படி ஓர் எல்லை வைத்திருக்கின்றன. வெளியூர் கிளம்பும் நாளில் மட்டும் அதை அணைத்து முழுதாக ஏற்றிக்கொள்ளலாம்.

ஏறவே இல்லை என்றால் சார்ஜரின் வாட் அளவைப் பாருங்கள். சி வகை முனை பொருந்துகிறதே என்று 18 வாட் போன் சார்ஜரை 65 வாட் கேட்கும் லேப்டாப்பில் செருகினால் ஏறாது, அல்லது ஏறுவதைவிட வேகமாக இறங்கும். உருண்டை முனைச் சார்ஜர் மாற்றி வாங்கும்போது பழைய அடாப்டரின் அடியில் உள்ள ஸ்டிக்கரைப் படம் எடுத்துக்கொண்டு போங்கள். வோல்ட் அதேதான் இருக்க வேண்டும். ஆம்பியர் அதே அளவோ அதற்கு மேலோ இருக்கலாம், குறையக் கூடாது.

டச்பேட் ஒரு பக்கம் மேலே எழும்பியிருக்கிறது, கிளிக் ஆகவில்லை, மூடினால் மூடி பொருந்தவில்லை, மேசையில் வைத்தால் ஆடுகிறது. இவற்றில் எது தெரிந்தாலும் பேட்டரி உப்பியிருக்கலாம். இது மட்டும் "அப்புறம் பார்த்துக்கலாம்" என்று தள்ளிப்போடக் கூடாத அறிகுறி. சார்ஜரைப் பிடுங்குங்கள், ஷட் டவுன் செய்யுங்கள், உப்பிய இடத்தை அழுத்தாதீர்கள், குத்தாதீர்கள், வெயிலில் வைக்காதீர்கள். அப்படியே சர்வீஸ் சென்டருக்குக் கொண்டு போங்கள். லித்தியம் பேட்டரி கிழிந்தால் தீப்பிடிக்கும். கழற்றிய பேட்டரியைக் குப்பைத் தொட்டியில் போடாமல் அவர்களிடமே விட்டுவிடுங்கள்.

"சூடாகுது, ஃபேன் கத்துது"

பல லேப்டாப்களுக்கு அடிப்பக்கம்தான் மூக்கு. மெத்தை, தலையணை, போர்வை, மடி எதில் வைத்தாலும் அது அடைபடும். உள்ளே சூடு ஏற ஏறப் பிராசஸர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். "மதியத்துக்கு மேல ஸ்லோ ஆயிடுது" என்று சொல்பவர்களின் பிரச்சினை பல நேரங்களில் இதுதான். பெரும்பாலான லேப்டாப்களைச் சுற்றுப்புற வெப்பம் 35 டிகிரி வரை இருக்கலாம் என்று கணக்கிட்டே தயாரிக்கிறார்கள். அக்னி நட்சத்திரத்தில் வேலூரிலோ திருச்சியிலோ மொட்டை மாடிக்குக் கீழே உள்ள அறை அதைச் சுலபமாகத் தாண்டும். அந்த நாட்களில் வீடியோ எடிட்டிங், கேம் மாதிரி கனமான வேலைகளைக் காலையிலோ இரவிலோ வைத்துக்கொள்ளுங்கள்.

கடினமான பலகையில் வைத்து, பின்பக்கத்தின் கீழ் ஒரு சின்னப் புத்தகம் கொடுத்து உயர்த்துங்கள். சூடு அதிலேயே ஓரளவு குறையும். அப்படியும் ஃபேன் ஓயாமல் கத்தினால் உள்ளே தூசி அடைத்திருக்கும். வாங்கி இரண்டு மூன்று வருடம் ஆகியிருந்தால், கடையில் திறந்து சுத்தம் செய்து, பிராசஸரின் சூட்டைக் கடத்த அதன் மேல் பூசியிருக்கும் தெர்மல் பேஸ்ட்டையும் மாற்றச் சொல்லுங்கள். வீட்டில் புளோயரை வைத்து ஊதுபவர்கள் ஃபேன் றெக்கை சுழலாமல் குச்சியால் பிடித்துக்கொண்டு ஊதுங்கள். கண்டபடி சுழன்றால் பேரிங் கெடும்.

"ஆமை மாதிரி ஓடுது"

கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். டிஸ்க் 100 சதவீதத்தில் சிவந்து நிற்கிறதா, மெமரி (ரேம்) நிரம்பியிருக்கிறதா என்று பாருங்கள்.

டிஸ்க் எப்போதும் 100 சதவீதத்திலேயே நின்று, உள்ளே இருப்பது சுழலும் ஹார்டு டிஸ்க் என்றால், எந்தக் கிளீனர் மென்பொருளும் உதவாது. அதை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி, அதாவது சுழலும் பாகமே இல்லாத வேகமான டிஸ்க், போடுங்கள். 2011-இல் தமிழ்நாட்டில் தொடங்கிய இலவச லேப்டாப் திட்டத்தில் வந்த மெஷின்கள் எத்தனையோ வீடுகளில் இன்னும் இருக்கின்றன. அப்படிப்பட்ட பழைய மெஷினில்கூட எஸ்எஸ்டி போட்டு, ரேமையும் இடமிருந்தால் கூட்டி, விண்டோஸுக்குப் பதிலாக இயங்கும் இலவச மென்பொருளான லினக்ஸில் இலகுவான ஒன்றை ஏற்றினால் பிள்ளைகளின் படிப்புக்குத் தாராளமாக உழைக்கும். தூக்கிப்போடச் சொல்ல எனக்கு மனம் வருவதில்லை.

மெமரிதான் பிரச்சினை என்றால், அதே டாஸ்க் மேனேஜரில் ஸ்டார்ட்அப் பகுதிக்குப் போய், ஆன் செய்ததும் தானாக எழும் தேவையில்லாத நிரல்களை நிறுத்துங்கள். இரண்டு ஆன்டிவைரஸ் இருந்தால் ஒன்றை நீக்குங்கள். விண்டோஸோடு வருவதே பெரும்பாலோருக்குப் போதும்.

விண்டோஸ் 10 வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அதற்கான வழக்கமான பாதுகாப்பு அப்டேட்டுகள் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டன. வங்கி வேலை செய்யும் மெஷின் என்றால் விண்டோஸ் 11-க்கு ஏற்றதா என்று செட்டிங்ஸில் பாருங்கள். இல்லையென்றால் லினக்ஸைப் பற்றி யோசியுங்கள்.

"கீபோர்டுல தப்புத் தப்பா வருது"

எழுத்துக்குப் பதில் எண் வந்தால் Num Lock பட்டன் அழுந்தியிருக்கிறது. தட்டினால் ஏற்பதற்கு நேரம் எடுத்தால், வலப்பக்க ஷிஃப்ட்டை எட்டு விநாடி தெரியாமல் அழுத்தியிருக்கலாம். அதில் ஃபில்டர் கீஸ் ஆன் ஆகிவிடும். மறுபடி அதேபோல் பிடித்தால் நீங்கும். ஷிஃப்ட்டை ஐந்து முறை தட்டினால் வருவது ஸ்டிக்கி கீஸ். இரண்டையும் செட்டிங்ஸில் அணுகல் வசதி பகுதியில் நிரந்தரமாக அணைக்கலாம்.

ஆங்கிலம் அடித்தால் தமிழ் வருகிறது, தமிழ் அடித்தால் ஆங்கிலம் வருகிறது என்றால் விண்டோஸ் பட்டனைப் பிடித்து ஸ்பேஸ் பாரைத் தட்டுங்கள், மொழி மாறும். தமிழ் கீபோர்டைச் சேர்க்கும்போது 1999-இல் தமிழ்நாடு அரசு தரப்படுத்திய தமிழ் 99, ஒலிப்பு முறையிலான அஞ்சல் ஆகியவை விண்டோஸிலேயே கிடைக்கும். தனியாக எதையும் இறக்க வேண்டியதில்லை. பழைய கோப்பைத் திறந்தால் தமிழுக்குப் பதில் ஆங்கில எழுத்தும் குறிகளுமாகத் தெரிகிறதா? அது பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்தது, கோப்பு கெடவில்லை. இன்றைய பொது எழுத்து முறையான யூனிகோடுக்கு மாற்றும் கருவியில் போட்டால் அப்படியே மீண்டுவிடும்.

டீயோ காபியோ கொட்டிவிட்டால், துடைக்கத் துணி தேடுவதற்கு முன் சார்ஜரைப் பிடுங்கி, பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணையுங்கள். கோப்பைச் சேமிக்க நிற்காதீர்கள். திரையை விரித்து, கீபோர்டு கீழே பார்க்கும்படி கவிழ்த்து, கூடாரம் மாதிரி நிறுத்துங்கள். ஹேர் டிரையர் வேண்டாம், அரிசிக்குள் புதைப்பதும் வேண்டாம். வற்றிய பிறகு "வேலை செய்யுதா" என்று ஆன் செய்து பார்ப்பதுதான் உள்ளே உள்ள முக்கியச் சர்க்யூட் பலகையான மதர்போர்டைக் கொல்கிறது. சர்க்கரையும் பாலும் உள்ளே ஒட்டிக்கொண்டு மெல்ல அரிக்கும். எனவே உலர்ந்துவிட்டதாகத் தோன்றினாலும் கடையில் திறந்து கழுவச் சொல்லுங்கள், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது.

"வைஃபை வரலை"

அதே வைஃபையில் போன் வேலை செய்கிறதா? இல்லையென்றால் ரௌட்டரை அணைத்து ஒரு நிமிடம் கழித்துப் போடுங்கள், லேப்டாப்பைக் குறை சொல்ல வேண்டாம். போனில் வருகிறது என்றால் ஏரோபிளேன் மோடைப் பாருங்கள், பிறகு அந்த வைஃபையை மறக்கச் சொல்லி மறுபடி பாஸ்வேர்டு போடுங்கள். இணைந்திருந்தும் எந்தத் தளத்தைத் திறந்தாலும் "பாதுகாப்பற்றது" என்று வந்தால் மூலையில் உள்ள தேதியைப் பாருங்கள். தேதி தப்பாக இருந்தால் அப்படித்தான் வரும். ஒவ்வொரு முறையும் பழைய தேதிக்கே போனால் மதர்போர்டில் உள்ள பொத்தான் பேட்டரி தீர்ந்துவிட்டது, மாற்றுவது சின்னச் செலவுதான்.

"வைரஸ் வந்திருக்கு, இந்த நம்பருக்குக் கூப்பிடுங்கன்னு வருது"

கூப்பிடாதீர்கள். மைக்ரோசாஃப்ட் தன் எச்சரிக்கைகளில் போன் நம்பர் போடுவதே இல்லை. திரை முழுக்க அலறினாலும் அது ஒரு இணையப் பக்கம் மட்டுமே. எஸ்கேப்பை அழுத்திப் பிடியுங்கள். போகவில்லை என்றால் டாஸ்க் மேனேஜரில் பிரவுசரையே மூடுங்கள். மூலையில் அடிக்கடி முளைக்கும் எச்சரிக்கை, ஏதோ ஒரு தளத்துக்கு நோட்டிஃபிகேஷன் அனுமதி கொடுத்ததால் வருவது. பிரவுசர் செட்டிங்ஸில் அந்த அனுமதியை நீக்குங்கள்.

கஸ்டமர் கேர் நம்பரைத் தேடுபொறியில் தேடி முதலில் வருவதை நம்புவதும் ஆபத்து. பில், வாரன்டி கார்டு, நிறுவனத்தின் சொந்தத் தளம் ஆகிய மூன்றிலிருந்து மட்டும் எடுங்கள். முன்பின் தெரியாதவர், உங்கள் திரையைத் தூரத்திலிருந்தே இயக்க விடும் எனிடெஸ்க் மாதிரி மென்பொருள் ஒன்றை இறக்கச் சொன்னால் போனை வைத்துவிடுங்கள். பணம் போய்விட்டது என்றால் வெட்கப்பட்டுக்கொண்டு உட்காராமல் அந்த நிமிடமே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு அழையுங்கள், வங்கிக்கும் சொல்லுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, பணத்தைப் பாதி வழியில் நிறுத்தும் வாய்ப்பு அவ்வளவு அதிகம்.

"கழுத்து பிடிச்சுக்குது, கண்ணு எரியுது"

லேப்டாப்பில் திரையும் கீபோர்டும் ஒட்டியே இருக்கின்றன. திரை கண்ணுக்கு நேராக இருந்தால் கை தூக்கிக்கொண்டு நிற்கும், கை வசதியாக இருந்தால் கழுத்து குனியும். எவ்வளவு விலையுள்ள நாற்காலி வாங்கினாலும் இந்தச் சிக்கல் தீராது. திரையையும் கீபோர்டையும் பிரித்தாக வேண்டும். தினமும் மணிக்கணக்கில் வேலை செய்பவர்கள் தனி கீபோர்டும் மவுஸும் வாங்குங்கள், வயருள்ள செட் ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும். லேப்டாப்பைத் தடிமனான புத்தகங்கள் மேல் ஏற்றி, திரையின் மேல் விளிம்பு கண் மட்டத்துக்கு வரும்படி வையுங்கள். தூரம் ஒரு கை நீட்டும் அளவு. கீழ்ப்பகுதியில் படிக்கும் பவர் உள்ள கண்ணாடி போடுபவர்கள் மட்டும் திரையைச் சற்றுத் தாழ்த்திக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் முகவாயைத் தூக்கித் தூக்கிக் கழுத்துக்குப் பின்னால் வலிக்கும்.

தரையில் உட்கார்ந்தே பழகியவர்கள் மேசைக்கு மாறித்தான் ஆக வேண்டும் என்றில்லை. பழைய மளிகைக் கடைகளிலும் மண்டிகளிலும் இருந்த கணக்குப்பிள்ளை மேசை இன்றைக்கும் அருமையான ஏற்பாடு. சுவரில் முதுகு சாய்த்து, அடியில் மடித்த போர்வை போட்டு உயர்ந்து உட்கார்ந்து, அந்த மேசையில் வைத்து அடித்துப் பாருங்கள். கட்டிலில் கவிழ்ந்து படுத்து அடிப்பதற்கு அது எவ்வளவோ மேல். அரை மணிக்கொரு முறை எழுந்து நடப்பது மட்டும் இரண்டு ஏற்பாட்டுக்கும் பொது.

கை மரத்துப்போனால் எந்த விரல் என்று கவனியுங்கள். கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல் என்றால் மணிக்கட்டில் நரம்பு அழுந்துகிறது, மணிக்கட்டை மடக்காமல் நேராக வைத்து அடியுங்கள். சுண்டுவிரல் பக்கம் என்றால் முழங்கையை மேசை விளிம்பில் ஊன்றுகிறீர்களா என்று பாருங்கள். இரவில் மரத்து விழிப்பு வந்தாலோ, டம்ளர் கை நழுவினாலோ டாக்டரிடம் போங்கள். தொடையில் வலைபோலச் சிவந்த கோடுகள் தெரிந்தால் அது லேப்டாப் சூட்டினால் வருவது, மடியில் வைப்பதை அன்றே விடுங்கள்.

திரையைப் பார்க்கும்போது நாம் இமைப்பதே குறைந்துவிடும். அதோடு சீலிங் ஃபேன் நேராக முகத்தில் அடித்தால் கண் வறண்டு எரியும், உட்காரும் இடத்தைத் தள்ளிப் போடுங்கள். 20 நிமிடத்துக்கு ஒருமுறை, 20 அடி தூரத்தில் உள்ளதை, 20 விநாடி பாருங்கள். ஜன்னல் பின்னாலும் இல்லாமல் எதிரிலும் இல்லாமல் பக்கவாட்டில் இருக்கட்டும். எழுத்து சின்னதாகத் தெரிந்து முன்னால் குனிகிறீர்கள் என்றால் டிஸ்ப்ளே செட்டிங்ஸில் அளவை 125 அல்லது 150 சதவீதம் ஆக்குங்கள். வீட்டுப் பெரியவர்களின் லேப்டாப்பில் இதை நீங்களே செய்து கொடுங்கள். பாதிப் பேர் கேட்கத் தயங்கியே கண்ணைச் சுருக்கிக்கொண்டிருக்கிறார்கள்.

கடைக்குக் கொண்டுபோகும்போது

எந்த வாக்கியத்தில் பிழைச் செய்தி வந்ததோ அதைப் படித்துச் சொல்ல முயலாமல் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். எப்போதிலிருந்து, அதற்கு முன் என்ன மாறியது (அப்டேட், கீழே விழுந்தது, கரன்ட் போய் வந்தது), எப்போதுமா சில நேரமா என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதுங்கள். அடிப்பக்கம் உள்ள சீரியல் நம்பரையும் படம் எடுங்கள். வாரன்டி உள்ள மெஷினைத் தெருமுனைக் கடையில் திறக்க விடாதீர்கள். வாரன்டி முடிந்துவிட்டால் சென்னையில் ரிச்சி தெரு மாதிரி இடங்களில் உதிரி பாகம் மலிவாகக் கிடைக்கும், ஆனால் பேட்டரியும் சார்ஜரும் மட்டும் அசலாக இருக்கட்டும்.

கொடுப்பதற்கு முன் வங்கி, மெயில் கணக்குகளிலிருந்து வெளியேறுங்கள். மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து, டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் வசதிக்கான 48 இலக்க மீட்புச் சாவி இருந்தால் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மதர்போர்டில் கை வைத்த பிறகு விண்டோஸ் அதைக் கேட்கலாம், அது இல்லாமல் கோப்புகளைத் திறக்க யாராலும் முடியாது. கடையில் ஜாப் ஷீட் (பழுதுக்குக் கொடுத்ததற்கான சீட்டு) கேளுங்கள். அதில் ரேம், டிஸ்க் அளவும் ஏற்கெனவே உள்ள கீறலும் எழுதச் சொல்லுங்கள். செலவு எவ்வளவு என்று சொன்ன பிறகே திறக்க வேண்டும், கழற்றிய பாகம் உங்களிடம் திரும்ப வர வேண்டும். வாங்கும்போது கவுன்டரிலேயே ஆன் செய்து, ரேம் அளவு, வைஃபை, கேமரா, ஸ்பீக்கர், எல்லா யுஎஸ்பி துளையும், சார்ஜ் ஏறுவதும் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். வாரன்டி இருந்தும் இழுத்தடித்தால் பில்லும் ஜாப் ஷீட்டும் கையில் வைத்துக்கொண்டு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைத்துப் புகாரைப் பதிவு செய்யலாம்.